வல்லுநர் சாட்சிக்குக் கடிதம் எழுதுவது எப்படி? புதிதாக வழக்கு நடத்துவோருக்கு ஒரு வழிகாட்டி

வல்லுநர் ஒருவருக்கு முதல்முறையாகக் கடிதம் எழுதும் ஜூனியர் வழக்கறிஞர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். கட்சிக்காரர் சொன்ன கதையை இரண்டு பக்கத்துக்கு எழுதி, "மேற்படி விவரங்களின் அடிப்படையில் தங்கள் மேலான கருத்தைத் தெரிவிக்கவும்" என்று முடித்துவிடுகிறார்கள். நானும் சில வருடங்கள் அப்படித்தான் எழுதினேன். அந்தக் கடிதத்தில் கேள்வியே கிடையாது. கதையைக் கொடுத்து, அதற்கு ஆமாம் போடச் சொல்கிறது, அவ்வளவுதான். வரும் அறிக்கையும் அதே கதையைத் திருப்பிச் சொல்லும். குறுக்கு விசாரணையில் அரை மணி நேரம்கூட அது தாங்காது.

வல்லுநர் சாட்சியம் வலுவாக நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் அவர் கையில் இல்லை. அவரிடம் என்ன கேட்டோம், எதைக் காட்டினோம் என்பதில்தான் இருக்கிறது. ஆகவே இந்தக் கட்டுரையில் அந்தக் கடிதத்துக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் அடிப்படை. சாதாரண சாட்சி தான் கண்டதையும் கேட்டதையும் சொல்லலாம், கருத்து சொல்லக் கூடாது. வல்லுநர் கருத்து சொல்லலாம். இந்த விலக்கு மிகப் பழையது. 1782இல் இங்கிலாந்தில் ஃபோக்ஸ் எதிர் சாட் என்ற வழக்கு நடந்தது. ஒரு துறைமுகம் மண் மூடிப்போனதற்குக் கடலோரத்தில் எழுப்பிய கரை காரணமா என்பது தகராறு. ஜான் ஸ்மீட்டன் என்ற புகழ்பெற்ற பொறியாளரின் கருத்தைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றார் நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு. இந்தியாவின் 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் இது 45ஆம் பிரிவாக இருந்தது. இப்போது 2023ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தில் 39ஆம் பிரிவு. இலங்கையின் சாட்சியக் கட்டளைச் சட்டத்திலும் 45ஆம் பிரிவுதான். நாட்டுக்கு நாடு நடைமுறை விதிகள் மாறும். உங்கள் நீதிமன்றத்தின் விதிகளை எடுத்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

படி 1: ஆளைத் தேடும் முன் கேள்வியைத் தேடுங்கள்

வழக்குரையையும் எதிருரையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரு தரப்பும் ஒத்துப்போகாத சங்கதிகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் பார்த்து, "இதைத் தீர்மானிக்க நீதிபதிக்குத் தனியான துறை அறிவு தேவையா?" என்று கேளுங்கள். யார் பொய் சொல்கிறார், ஒப்பந்தத்தின் 7ஆவது ஷரத்துக்கு என்ன பொருள், எதிர்த்தரப்பு அலட்சியமாக இருந்ததா இல்லையா, இவையெல்லாம் நீதிபதியின் வேலை. உள்நாட்டுச் சட்டமும் அப்படியே. வெளிநாட்டுச் சட்டம் என்றால் அதற்கு வல்லுநர் வேண்டும்.

கடைசியில் தாளில் இரண்டு மூன்று கேள்விகள்தான் மிஞ்சும். ஒன்றுமே மிஞ்சாமலும் போகலாம். அப்படியானால் கட்சிக்காரரின் பணத்தை மிச்சப்படுத்துங்கள். சில நீதிமன்றங்களில் முன் அனுமதி பெறாமல் வல்லுநர் சாட்சியத்தைத் தாக்கல் செய்யவே முடியாது. இங்கிலாந்தின் உரிமையியல் விதிகளில் 35ஆம் பகுதி அப்படித்தான் சொல்கிறது. சிறிய வழக்குகளில் இரு தரப்புக்கும் பொதுவாக ஒரே வல்லுநரை அமர்த்தவும் அந்த விதிகள் இடம் தருகின்றன.

படி 2: சரியான துறை, சரியான ஆள்

துறையை முடிவு செய்த பிறகுதான் ஆளைத் தேட வேண்டும். பெயர் பெற்ற நிபுணர் என்பதற்காக அவரிடம் எல்லாவற்றையும் கேட்டுவிடக் கூடாது. இதற்கு வேதனையான ஓர் உதாரணம் 1999இல் இங்கிலாந்தில் நடந்த சாலி கிளார்க் வழக்கு. இரண்டு கைக்குழந்தைகளை இழந்த தாய் மீதே கொலைக் குற்றச்சாட்டு. அனுபவம் மிக்க குழந்தை மருத்துவர் ஒருவர் கூண்டில் நின்று, அந்தத் தாயின் குடும்பம் போன்ற ஒரு குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் காரணம் தெரியாமல் திடீரென இறப்பதற்கான வாய்ப்பு 7.3 கோடியில் ஒன்று என்றார். ஒரு சாவுக்கு 8,543இல் ஒன்று என்ற எண்ணை அதே எண்ணால் பெருக்கி வந்த கணக்கு அது. முதல் சாவுக்கும் இரண்டாவது சாவுக்கும் ஒட்டும் உறவும் இல்லை என்று வைத்துக்கொண்டால்தான் அப்படிப் பெருக்க முடியும். ஒரே வீடு, ஒரே பெற்றோர், ஒரே மரபணு எனும்போது அது எப்படிப் பொருந்தும்? அரச புள்ளியியல் கழகம் 2001இல் வெளிப்படையாகக் கண்டித்தது. அந்தத் தாய் 2003இல் மேல்முறையீட்டில் விடுதலையானார். உடற்கூறாய்வு செய்த வேறொரு மருத்துவர் நுண்ணுயிர்ச் சோதனை முடிவுகளை வெளியிடாமல் இருந்ததும் அதற்குள் தெரியவந்திருந்தது. விடுதலைக்கு முக்கியக் காரணம் அதுதான்.

அந்த மருத்துவருக்குக் குழந்தை மருத்துவம் தெரியும், புள்ளியியல் அவர் துறை அல்ல. ஆகவே உங்கள் தாளில் உள்ள ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே அது எந்தத் துறை என்று எழுதுங்கள். இரண்டு துறை வந்தால் இரண்டு பேர் வேண்டும்.

ஆள் தேடும்போது முதல் பேச்சு தொலைபேசியில் நடக்கட்டும். வழக்கின் தரப்பினர் பெயர்களைச் சொல்லி, அவர்களோடு ஏதாவது தொடர்பு உண்டா என்று கேளுங்கள். இன்னமும் அந்தத் தொழிலில் இருக்கிறாரா, இதுவரை எந்தெந்த வழக்குகளில் சாட்சி சொன்னார், எப்போதும் ஒரே தரப்புக்குத்தானா, எந்த நீதிபதியாவது அவரைக் குறை சொன்னதுண்டா என்றும் கேளுங்கள். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் கடந்த 10 வருடங்களில் எழுதிய வெளியீடுகள், கடந்த 4 வருடங்களில் சாட்சி சொன்ன வழக்குகள் ஆகியவற்றின் பட்டியல் அறிக்கையோடு போக வேண்டும். அந்த விதி இல்லாத ஊரிலும் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். எதிர்த்தரப்பு எப்படியும் தேடி எடுத்துவிடும்.

ஆவணம் எதையும் பார்க்காமல், தொலைபேசியிலேயே "கவலைப்படாதீர்கள், நமக்குச் சாதகமாகத்தான் வரும்" என்று சொல்பவரை விட்டுவிடுங்கள். "ஆவணங்களைப் பார்த்தால்தான் சொல்ல முடியும், உங்களுக்குப் பிடிக்காத முடிவும் வரலாம், சம்மதமா?" என்று கேட்பவர் கிடைத்தால் அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கட்டணத்தை எழுத்தில் முடிவு செய்யுங்கள்: அறிக்கைக்கு எவ்வளவு, நேரில் பார்வையிட எவ்வளவு, நீதிமன்ற நாளுக்கு எவ்வளவு, வாய்தா தள்ளிப்போனால் என்ன. வழக்கு ஜெயித்தால் கூடுதலாகத் தருகிறோம் என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். முடிவைப் பொறுத்துப் பணம் வாங்கும் வல்லுநரின் சொல்லுக்கு மதிப்பே இருக்காது.

படி 3: கடிதம்

எழுதத் தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தக் கடிதத்தை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் படிப்பார், நீதிபதியும் படிப்பார். இது வெறும் எச்சரிக்கை அல்ல. இங்கிலாந்து விதிகளின்படி, வல்லுநருக்குக் கொடுத்த முக்கியமான அறிவுறுத்தல்களின் சாரத்தை அவரே தன் அறிக்கையில் எழுத வேண்டும். அமெரிக்காவில் வழக்கறிஞர் கொடுத்த சங்கதிகளையும், அவர் வைத்துக்கொள்ளச் சொன்ன ஊகங்களையும் எதிர்த்தரப்பு கேட்டு வாங்கலாம். விதி எதுவும் இல்லாத இடத்திலும், "உங்களுக்கு என்ன சொல்லி அனுப்பினார்கள்?" என்று கூண்டில் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்.

கற்பனையாக ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். பக்கத்து மனையில் அடித்தளம் போடத் தோண்டினார்கள். நம் கட்சிக்காரர் வீட்டுச் சுவரில் விரிசல். கட்டடப் பொறியாளருக்குப் போகும் கடிதத்தில் வழக்கமாக வரும் வாக்கியம் இது:

"பக்கத்து மனையில் அலட்சியமாகத் தோண்டியதால் எங்கள் கட்சிக்காரரின் வீட்டில் ஏற்பட்ட விரிசல்கள் குறித்து அறிக்கை தரவும்."

ஒரே வாக்கியத்தில் எத்தனை தவறுகள் பாருங்கள். 'அலட்சியமாக' என்பது நீதிமன்றம் சொல்ல வேண்டிய தீர்ப்பு. 'தோண்டியதால்' என்ற சொல்லில் இருக்கும் அந்த 'ஆல்' வழக்கையே முடித்துவிடுகிறது. காரணம் என்ன என்றுதானே பொறியாளரைக் கேட்கப் போகிறோம்? 'விரிசல்கள்' என்றால் எந்த விரிசல்கள்? 'குறித்து' என்றால் எதைக் குறித்து? இதையே இப்படிக் கேளுங்கள்:

"1. பார்வையிடும் நாளில் வீட்டில் உள்ள ஒவ்வொரு விரிசலையும் எண்ணிட்டு, இடம், நீளம், அகலம், போகும் திசை ஆகியவற்றைப் பதிவு செய்யவும்.

2. ஒவ்வொரு விரிசலுக்கும் என்னென்ன காரணங்கள் இருக்கக்கூடும்? அவற்றில் எது அதிக வாய்ப்புள்ளது, எவற்றை ஒதுக்குகிறீர்கள், எதை வைத்து?

3. விரிசலின் வயதைக் கணிக்க முடியுமா? தோண்டத் தொடங்கிய தேதிக்கு முன்பே இருந்தது என்று சொல்லத்தக்க விரிசல் ஏதேனும் உண்டா?

4. இவ்வளவு ஆழத்தில், இவ்வளவு அருகில் தோண்டும்போது தொழிலில் வழக்கமாக எடுக்கப்படும் பாதுகாப்பு என்ன? ஆவணங்களின்படி அவற்றில் எவை எடுக்கப்பட்டன?

5. சரிசெய்யும் முறை என்ன, செலவு எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை ஆகும்?"

மூன்றாவது கேள்வி நமக்கு எதிராகப் போகலாம். விரிசலுக்குள் பழைய பெயின்ட் இறங்கியிருந்தால் அது சுவருக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே இருந்த விரிசல். உள்ளே தூசியும் அழுக்கும் படிந்திருந்தால் அதுவும் புதிதாக இருக்க வாய்ப்பு குறைவு. விளிம்பு கூர்மையாக, உள்ளே சுத்தமாக இருந்தால் அண்மையில் வந்ததாக இருக்கலாம். பொறியாளர் பன்னிரண்டு விரிசலில் நான்கு பழையது என்று எழுதினால் மீதி எட்டை நீதிபதி நம்புவார். பன்னிரண்டும் புதியது என்று எழுதி, கூண்டில் ஒன்றின் உள்ளே பெயின்ட் இருப்பதை ஒப்புக்கொண்டால் பன்னிரண்டும் போய்விடும். அதனால்தான் நமக்குப் பிடிக்காத கேள்வியை நாமே கேட்டுவிட வேண்டும் என்கிறேன்.

அடுத்து, சங்கதிகளை எழுதும் விதம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டவற்றைத் தனியாகவும், தகராறில் உள்ளவற்றைத் தனியாகவும் எழுதுங்கள். தகராறில் உள்ளதை உண்மை போல எழுதிவிடாதீர்கள். தோண்டிய ஆழம் 3 மீட்டர் என்கிறோம் நாம். 2 மீட்டர்தான் என்கிறது எதிர்த்தரப்பு. அப்படியானால், "ஆழம் 3 மீட்டர் என்று நீதிமன்றம் கண்டால் தங்கள் கருத்து என்ன, 2 மீட்டர் என்று கண்டால் என்ன?" என்று இரண்டையும் கேளுங்கள். ஆழம் எவ்வளவு என்று நீதிபதி எப்படி முடிவு செய்தாலும் நம் அறிக்கை பயன்படும்.

பலரும் விட்டுவிடும் ஒன்று நிரூபிக்கும் அளவு. அறிவியல் துறையில் இருப்பவர்கள், மிக உறுதியாகத் தெரியாதவரை "காரணம் என்று சொல்ல முடியாது" என்று எழுதிப் பழகியவர்கள். உரிமையியல் வழக்கில் நீதிமன்றம் கேட்பது அந்த அளவு உறுதியை அல்ல. இப்படி நடந்திருக்க வாய்ப்பு அதிகமா, நடக்காமல் இருக்க வாய்ப்பு அதிகமா என்பதுதான். இதைக் கடிதத்தில் இரண்டு வரியில் விளக்காவிட்டால், நல்ல மருத்துவர் ஒருவர் "உறுதிப்படுத்த இயலவில்லை" என்று எழுதி அனுப்பிவிடுவார். அந்த ஒரு சொல்லில் வழக்கு சாய்ந்துவிடும். குற்றவியல் வழக்கில் அளவு வேறு, அதையும் சொல்லுங்கள்.

கடைசியாக, வல்லுநரின் கடமை. உங்கள் கட்சிக்காரர் பணம் கொடுத்தாலும் அவருடைய முதல் கடமை நீதிமன்றத்துக்குத்தான் என்று கடிதத்திலேயே எழுதுங்கள். இகாரியன் ரீஃபர் என்ற கப்பல் தரைதட்டித் தீப்பிடித்த காப்பீட்டு வழக்கில், 1993இல் ஆங்கிலேய நீதிபதி கிரெஸ்வெல் இந்தக் கடமைகளை வரிசையாக எழுதிவைத்தார். வல்லுநர்கள் சிலர் தங்கள் கடமையைப் புரிந்துகொள்ளாததும் அந்த விசாரணை நீண்டதற்கு ஒரு காரணம் என்றார். அவர் எழுதியவற்றின் சாரம்: கருத்து சுயமானதாக இருக்க வேண்டும், தன் கருத்துக்கு எதிரான சங்கதியை மறைக்கக் கூடாது, துறைக்கு வெளியே உள்ள கேள்வி என்றால் அப்படியே சொல்ல வேண்டும், தகவல் போதவில்லை என்றால் கருத்து தற்காலிகமானது என்று சொல்ல வேண்டும், பிறகு மனம் மாறினால் உடனே தெரிவிக்க வேண்டும். இவற்றைக் கடிதத்தோடு இணைத்து அனுப்புங்கள். அறிக்கை எந்த வடிவில் வேண்டும், எந்த உறுதிமொழி சேர்க்க வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 4: ஆவணக் கட்டு

இந்தப் பாடத்தை நான் நீதிமன்றத்தில்தான் கற்றேன். ஒரு கட்டட வழக்கில் கட்சிக்காரர் கொடுத்த புகைப்படங்களில் தெளிவாக இருந்தவற்றை மட்டும் எடுத்துப் பொறியாளருக்கு அனுப்பினேன். மங்கலான ஒரு பழைய படத்தை விட்டுவிட்டேன். வேண்டுமென்று அல்ல, அதில் ஒன்றுமில்லை என்று நினைத்தேன். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதே படத்தின் நல்ல பிரதியை அவர் கையில் கொடுத்தார். பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தை வெகுநேரம் பார்த்தார். "இதை எனக்குக் காட்டவில்லை. பார்த்திருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்" என்றார். அவர் நேர்மையாக இருந்தார். தவறு என்னுடையது. அன்று மாலையே சமரசப் பேச்சு தொடங்க வேண்டியதாயிற்று.

எது முக்கியம் என்று தீர்மானிக்கும் அறிவு இருந்திருந்தால் நமக்கு வல்லுநரே தேவைப்பட்டிருக்காது. ஆகவே சங்கதிக்குச் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் அனுப்புங்கள். எதிர்த்தரப்பின் ஆவணங்கள், அவர்களுடைய வல்லுநரின் அறிக்கை எல்லாம் சேரட்டும். பக்க எண் போட்டு, அட்டவணை வைத்து, அதன் நகலை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஏதாவது கிடைத்தால் தேதியிட்ட கடிதத்தோடு அனுப்பி, "இதனால் தங்கள் கருத்து மாறுகிறதா?" என்று கேளுங்கள். கட்டில் சேர்க்கக் கூடாதவையும் உண்டு: நீங்கள் கட்சிக்காரருக்குக் கொடுத்த சட்ட ஆலோசனை, சமரசப் பேச்சுக் கடிதங்கள்.

பொருளையோ இடத்தையோ நேரில் பார்ப்பதாக இருந்தால் எதிர்த்தரப்புக்கு முன்கூட்டியே தகவல் கொடுங்கள். உடைத்து, வெட்டி, கரைத்துச் செய்யும் சோதனை எதையும் அவர்கள் சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் செய்ய விடாதீர்கள். சோதித்த பிறகு அந்தப் பொருள் இருக்காது. சந்தேகம் மட்டும்தான் மிஞ்சும்.

படி 5: வரைவு அறிக்கை

வரைவு வந்ததும் பேனாவை எடுக்கக் கை துறுதுறுக்கும். எழுத்துப் பிழை, தேதிப் பிழை, விடுபட்ட கேள்வி, சாதாரண ஆளுக்குப் புரியாத சொல், காரணம் சொல்லாத முடிவு, இவற்றைச் சுட்டிக்காட்டலாம். "இந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள், விளக்க முடியுமா?" என்று கேட்கலாம். முடிவை மாற்றச் சொல்லக் கூடாது, அதை வலுவாக்கச் சொல்லவும் கூடாது. வைட்ஹவுஸ் எதிர் ஜோர்டான் வழக்கில் மருத்துவ வல்லுநர்களின் அறிக்கையில் வழக்கறிஞர்களின் கை பட்டிருந்தது. 1981இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையின் தீர்ப்பில் வில்பர்ஃபோர்ஸ் பிரபு, அறிக்கை வல்லுநரின் சுதந்திரமான ஆக்கமாக இருப்பதோடு அப்படித் தெரியவும் வேண்டும் என்ற பொருளில் எழுதினார். வரைவுகளுக்குப் பாதுகாப்பு உண்டா என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கக் கூட்டாட்சி விதிகள் 2010 முதல் பாதுகாப்பு தருகின்றன. எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலும் ஒருநாள் சத்தமாக வாசிக்கப்படும் என்று நினைத்தே எழுதுங்கள்.

அறிக்கை நமக்கு எதிராக வந்தால் வல்லுநரோடு மல்லுக்கட்ட வேண்டாம். கட்சிக்காரரை உட்கார வைத்து அதைப் பொறுமையாகப் படித்துக் காட்டுங்கள். விசாரணைக்கு முன்பே வழக்கின் பலவீனம் தெரிந்துவிட்டது, சமரசத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கொடுத்த கட்டணத்துக்கு இதைவிடப் பெரிய பலன் கிடையாது என்றுகூடச் சொல்வேன்.

படி 6: அறிக்கைக்குப் பின்

எதிர்த்தரப்பு எழுத்தில் கேள்விகள் அனுப்பலாம்; இங்கிலாந்தில் அறிக்கை கிடைத்த 28 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். வல்லுநரே பதில் எழுதட்டும்.

பிறகு இரு தரப்பு வல்லுநர்களையும் சந்தித்துப் பேசச் சொல்லி, எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே இல்லை, ஏன் என்று கூட்டறிக்கை கேட்பார்கள். அந்தச் சந்திப்பில் வழக்கறிஞர்கள் பெரும்பாலும் இருக்க முடியாது. இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜோன்ஸ் எதிர் கேனி வழக்கில் விபத்தில் அடிபட்டவருக்காக அமர்த்தப்பட்ட உளவியலாளர், எதிர்த்தரப்பு வல்லுநரோடு தொலைபேசியில் பேசிய பிறகு, அவர் தயாரித்த கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டார். தன் கட்சிக்காரரின் வழக்கையே பலவீனமாக்கும் அறிக்கை அது. எதிர்த்தரப்பு அறிக்கைகளைப் படிக்கவில்லை, ஒப்புக்கொள்ளும்படி அழுத்தம் இருந்தது, அதில் உள்ளது தன் கருத்தே அல்ல என்று பிறகு சொன்னார் என்பது புகார். வல்லுநர் மீது கட்சிக்காரர் வழக்குப் போட முடியாது என்று பல நூறு ஆண்டுகள் இருந்த பாதுகாப்பை, 2011இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இந்த வழக்கில்தான் 5க்கு 2 என்ற பெரும்பான்மையில் நீக்கியது.

ஆகவே சந்திப்புக்கு முந்தைய நாள் உங்கள் வல்லுநரை அழைத்து, எல்லா ஆவணமும் கையில் இருக்கிறதா, எதிர்த்தரப்பு அறிக்கையைப் படித்தாயிற்றா என்று கேளுங்கள். கருத்து மாறினால் மாறட்டும், ஆனால் காரணத்தை எழுதச் சொல்லுங்கள். உடனே கையெழுத்துப் போட வேண்டிய அவசியம் இல்லை, ஒரு நாள் வைத்திருந்து படித்துப் போடலாம் என்பதையும் சொல்லுங்கள்.

படி 7: கூண்டு

சாட்சிக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கக் கூடாது. நடைமுறையைச் சொல்லலாம்: யார் முதலில் கேட்பார்கள், எங்கே நிற்க வேண்டும், பதிலை நீதிபதியைப் பார்த்துச் சொல்ல வேண்டும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், நியாயமான கேள்விக்கு விட்டுக்கொடுப்பதில் தவறில்லை. சில நீதிமன்றங்களில் இரு வல்லுநர்களையும் ஒன்றாக அமர்த்தி, ஒரே கேள்வியை இருவரிடமும் கேட்கிறார்கள்; ஆஸ்திரேலியாவில் இது நன்றாக வேரூன்றிய முறை. அப்படி நடக்குமானால் முன்பே சொல்லிவிடுங்கள். முழுக் கோப்பையும், அறிக்கையின் சுத்தமான பிரதியையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பென்சிலில் குறிப்பு எழுதிய பிரதியைக் கொண்டுவந்தால் அந்தக் குறிப்பைப் பற்றியும் கேட்பார்கள்.

தீர்ப்பு வந்ததும் வல்லுநரைப் பற்றி நீதிபதி எழுதிய பத்திகளை, நல்லதோ கெட்டதோ, அந்த வாரமே அவருக்கு அனுப்பிவிடுங்கள். அடுத்த வழக்கில் இன்னொரு வழக்கறிஞர் அதை எடுத்து நீட்டும்போது அவர் முதல்முறையாகப் படிக்கும்படி ஆகிவிடக் கூடாது.